அலுமினியத் தோட்டாவோடு ரேஞ்சுக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்கு முதல்முறை போகிறவர்கள் தோட்டா அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார்கள். நானும் நின்றேன். ஒரே 9 எம்எம் அளவு, ஒரே 115 கிரெயின் எடைக் குண்டு, ஒரே 50 தோட்டாப் பெட்டி. ஆனால் ஒரு பெட்டிக்கு மட்டும் ஒன்றிரண்டு டாலர் குறைவு. பிரித்துப் பார்த்தால் வழக்கமான பித்தளையின் பொன்னிறம் இல்லை, புதுத் தூக்குவாளி மாதிரி வெள்ளையாகப் பளபளக்கிறது. அதுதான் அலுமினிய உறை போட்ட தோட்டா. இதைச் சுடலாமா, துப்பாக்கி கெட்டுப்போகுமா, ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) விடுவார்களா என்று அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. டெக்சாஸில் சில வருடங்களாக வார இறுதிகளில் சுட்டுப் பழகியதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

துப்பாக்கியைத் தொடும் முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரைமணி நேரம் கையில் பிடிப்பதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரும். அலுவலக நண்பர்கள் பிறந்தநாளுக்கு ரேஞ்சுக்கு இழுத்துப் போவார்கள், கவுண்டரில் நீட்டும் படிவத்தை யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் படியுங்கள். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. ஆனாலும் கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பவர் இதை நண்பர் சொன்னார் என்று நம்பாமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வயது விஷயமும் உண்டு. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கித் தோட்டா வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. இல்லினாய்ஸில் தனி அடையாள அட்டை கேட்பார்கள், நியூயார்க்கில் தோட்டா வாங்குவதற்கே பின்னணிச் சோதனை நடக்கும். டெக்சாஸ்காரன் சொன்னதை வைத்து வேறு மாநிலத்தில் நடக்காதீர்கள்.

அலுமினியம் என்றால் என்ன மாறுகிறது?

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் பிடித்துவைத்திருக்கும் உறை. அலுமினியத் தோட்டாவில் மாறுவது உறை மட்டும்தான். குண்டு வழக்கம்போல ஈயம், மேலே செம்புப் போர்வை. பேரல் என்னும் குழாய்க்குள் உரசிப் போவது அந்தக் குண்டுதான், உறை அல்ல. 'அலுமினியம் சுட்டால் பேரல் தேயும்' என்று சொல்வது அதனால்தான் தவறு.

உறையின் வேலை வேறு. சுடும் கணத்தில் அது உள்ளழுத்தத்தால் உப்பி, சேம்பர் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி இழுக்கும்போது வெளியே வர வேண்டும். பித்தளை இதற்கென்றே பிறந்த உலோகம். நம் வீட்டுப் பழைய பித்தளை அண்டாவை நினைத்துப் பாருங்கள், நெளிந்தால் தட்டி எடுத்து மறுபடி புழங்குவோம். அலுமினியக் குண்டானை அப்படி நாலு தடவை தட்டினால் விரிசல் விட்டுவிடும். தோட்டா உறையிலும் கதை அதேதான். ஒருமுறை உப்பிச் சுருங்குவதை அலுமினியம் சரியாகவே செய்யும். மறுபடி அளவுக்கு அழுத்தி, மருந்து நிரப்பிச் சுடுவதற்கு அது ஆகாது.

அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 50 தோட்டாப் பெட்டியைக் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் ரைஃபிளுக்கும் அலுமினியத் தோட்டா செய்யலாமே என்று தோன்றும். செய்யாததற்குக் காரணம் அழுத்தம். அமெரிக்கத் தோட்டாக்களின் உச்ச அழுத்தத்தை வரையறுக்கும் அமைப்பின் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டினால் நமக்கு 'சாமி' என்று வரும். அந்தச் சாமி கணக்குப்படி கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் .38 ஸ்பெஷலுக்கு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .45 ஏசிபிக்கு 21,000, 9 எம்எம்முக்கு 35,000. சாதாரண .223 ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. அவ்வளவு அழுத்தத்தில் அலுமினிய உறை எங்காவது கீறல் விட்டால், அந்த வழியே பாயும் சூடான வாயு உலோகத்தையே அரித்துக்கொண்டு வெளியேறிவிடும். அமெரிக்க ராணுவத்தின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை அலுமினிய ரைஃபிள் உறைகளோடு பல வருடம் மல்லுக்கட்டியதும் இந்தச் சிக்கலோடுதான். வேடிக்கை என்னவென்றால் ஏ-10 போர் விமானத்தின் 30 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கு அலுமினிய உறைதான். அது தனி வடிவமைப்பு, தனிக் கதை. கடையில் நாம் வாங்கும் அலுமினியம் கைத்துப்பாக்கிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது இரண்டு பெயர்கள்: ஐடஹோவின் லூயிஸ்டனிலிருந்து வரும் சிசிஐ பிளேசர், மினசோட்டாவின் அனோகாவிலிருந்து வரும் ஃபெடரல் சாம்பியன். பிளேசர் என்ற பெயரைப் பார்த்ததும் அலுமினியம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், அதே பெயரில் பித்தளையும் வருகிறது. பெட்டியின் பக்கவாட்டில் என்ன உலோகம் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அடுத்து, வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் அல்ல. நிக்கல் பூசிய பித்தளையும் வெள்ளைதான், துத்தநாகம் பூசிய எஃகும் வெள்ளைதான். பையில் ஒரு சிறு காந்தம் போட்டுக்கொள்ளுங்கள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது போதும். உறையில் ஒட்டினால் எஃகு. ஒட்டவில்லை, கையிலும் இலேசாக இருக்கிறது என்றால் அலுமினியம். நிக்கல் பூசிய பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆனால் கனமாக இருக்கும். பல ரேஞ்சுகளில் வாசலிலேயே குண்டு முனையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். செம்புப் போர்வைக்கு அடியில் எஃகு இருந்தால் தீப்பொறி வரும், குண்டு தடுப்புச் சுவரும் கெடும் என்பதால். அலுமினியத் தோட்டா இந்தச் சோதனையில் பொதுவாகத் தேறிவிடும்.

உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் தோட்டா பற்றிய பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. 9 எம்எம் சுடும் கார்பைன் (குட்டை ரைஃபிள்) வைத்திருப்பவர்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், சிலவற்றின் கையேட்டிலேயே அலுமினியம் வேண்டாம் என்று அச்சிட்டிருப்பார்கள். சேம்பர் சுவரில் பள்ளக்கோடுகள் வெட்டிய பழைய மாடல்களிலும் நான் அலுமினியம் போட மாட்டேன்.

எவ்வளவு வாங்குவது? இரண்டு பெட்டி. விலை மலிவு என்று ஆயிரம் தோட்டா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அப்புறம் அது உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பாதுகாப்பு காரணமாகப் பெரும்பாலான கடைகள் விற்ற தோட்டாவைத் திரும்ப வாங்குவதில்லை.

ரேஞ்சுக்குப் போன் போடுங்கள்

"அலுமினியக் கேஸ் அனுமதிக்கிறீர்களா?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். சில உள்ளரங்க ரேஞ்சுகள் வேண்டாம் என்பார்கள். அதற்குத் துப்பாக்கி கெடும் என்பதல்ல காரணம். தரையில் விழும் காலிப் பித்தளை அவர்களுக்கு வருமானம். எஃகு கலந்தால் காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம், அலுமினியத்தை அப்படிப் பிரிக்க முடியாது, கையால் பொறுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை என்று தராசு பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வாடகைத் துப்பாக்கி என்றால் அவர்கள் கடையில் வாங்கிய தோட்டாவைத்தான் போட வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

முதல் மேகசின்

கண்ணாடி, காது அடைப்பான் இரண்டும் ரேஞ்ச் கதவைத் திறக்கும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கிச் சத்தம் ஏறத்தாழ 160 டெசிபல். உள்ளரங்கத்தில் நான் காதுக்குள் நுரை அடைப்பானும் வைத்து மேலே மூடியும் போட்டுக்கொள்வேன். தலையில் விளிம்பு வைத்த தொப்பி, கழுத்தை ஒட்டிய பனியன். இதற்குக் காரணம் உண்டு. இலேசான அலுமினிய உறை எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை பக்கத்துத் தடுப்பில் பட்டுத் திரும்பிய உறை ஒன்று என் சட்டைக் காலருக்குள் விழுந்தது. கையில் துப்பாக்கி, முதுகில் நெருப்பு. அந்த நேரத்தில் துள்ளித் திரும்பினால் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும், பக்கத்தில் ஆள் நிற்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சட்டையை உதறினேன். முதுகில் கடலை அளவு கொப்புளம். முன்பக்கம் எது, பேரல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மறக்கக்கூடாது. சுட முடிவு செய்யும்வரை விரல் டிரிகரில் போகவும் கூடாது.

இனி சோதனை. மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) ஒரே ஒரு தோட்டா போடுங்கள். சுடுங்கள். உறை வெளியே விழுந்து, ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் போய் நின்றுவிட வேண்டும். நின்றால் ஸ்லைடைத் தள்ளிப் பின்னால் நிறுத்தும் அளவுக்கு அந்தத் தோட்டாவுக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டு போடுங்கள். இரண்டாவது தோட்டா தடங்கலில்லாமல் ஏறுகிறதா என்று இதில் தெரிந்துவிடும். அப்புறம் ஐந்து, அப்புறம் முழு மேகசின். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. குறைந்தது நூறாவது சுட்ட பிறகே ஒத்துவருகிறது என்று நான் சொல்வேன்.

மேகசின்களுக்கு மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போட்டுவைத்துவிடுங்கள். மூன்று முறை சிக்கியது, மூன்றும் 2ஆம் எண் என்றால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவில் இல்லை, அந்த மேகசினில்.

சிக்கினால்

புதியவர்களுக்கு அதிகம் நடப்பது, காலி உறை முழுதாக வெளியே வராமல் ஸ்லைடு இடுக்கில் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து மாட்டிக்கொள்வது. உடனே 'அலுமினியம் சரியில்லை' என்பார்கள். பாதி நேரம் மணிக்கட்டுதான் சரியில்லை. பிடி தளர்வாக இருந்தால் துப்பாக்கியே ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காது. பயிற்சித் தோட்டாக்களில் பல மிதமானவை என்பதால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அனுபவமுள்ள ஒருவரிடம் அதே துப்பாக்கி, அதே தோட்டாவைக் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவரிடம் சிக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

உறை சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வராமல் போவது அடுத்தது. கத்தி, ஸ்க்ரூடிரைவர் என்று நெம்பாதீர்கள். பேரல் முன்னால் பார்த்தபடியே இருக்க, மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் அவர் நிற்கிறார், யாரும் சிரிக்க மாட்டார்கள். ரிவால்வர்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் குறிப்பு. .357 ரிவால்வரில் நீளம் குறைந்த .38 தோட்டாக்களை நிறையச் சுட்டால் சேம்பரில் ஒரு கரி வளையம் படியும். அதைத் தேய்க்காமல் அப்புறம் .357 போட்டால் எந்த உலோகமானாலும் இறுகும்.

டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியை முன்னால் நீட்டியபடியே முப்பது விநாடி எண்ணுங்கள். பிரைமர் தாமதமாகப் பற்றிக்கொள்வது அபூர்வம்தான், ஆனால் நடக்கும். அதன் பிறகு இறக்கி, ரேஞ்சில் இதற்கென வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். குப்பைக் கூடையில் அல்ல.

இதையெல்லாம்விட ஆபத்து, 'டப்' என்று அமுங்கிய சத்தம். துப்பாக்கி உதைக்கவே இல்லை, இலக்குத் தாளில் ஓட்டையும் இல்லை. குண்டு பேரலின் நடுவில் நின்றுவிட்டிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கலாம். நிறுத்துங்கள், மேகசினைக் கழற்றுங்கள், சேம்பர் காலி என்று உறுதி செய்துவிட்டுப் பேரலைப் பார்க்கச் சொல்லி ஆபீசரிடம் கொடுங்கள். இது பித்தளை, அலுமினியம், எஃகு எல்லாவற்றுக்கும் பொது.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: ஒரே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு இடித்து, அது உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம்.

காலி உறைகள்

இங்கேதான் நான் ஒரு நல்ல மனிதரின் சாமானைக் கெடுத்தேன். அலுவலகத்தில் காரைக்குடிக்காரர் ஒருவர், வீட்டு கராஜில் மெஷின் வைத்துக் காலிப் பித்தளைக்கு மறுபடி மருந்து நிரப்புகிறவர். அவருக்கு உதவுவதாக நினைத்து ஒரு துணிப்பை நிறைய உறை பொறுக்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "தம்பி, பையில அலுமினியத்தையும் கலந்து போட்டிருக்கீங்களே, என் ஊசி ஒடிஞ்சு போச்சு" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பாதியில் முறிந்த சின்னக் கம்பி.

பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் ஊசி அது. அமெரிக்கப் பித்தளை உறைகளில் பிரைமர் குழியின் நடுவில் ஒரே துளை இருக்கும், ஊசி அதன் வழியே இறங்கும். அந்த முறைக்கு பாக்ஸர் என்று பெயர். அலுமினிய உறைகள் பல காலமாக பெர்டான் முறையில் செய்யப்பட்டவை. அதில் நடுவில் சிறு மேடு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை. ஊசி நேராக மேட்டில் போய் முட்டும். (பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பிடித்துக்கொண்டது பாக்ஸரை, ஐரோப்பா பிடித்துக்கொண்டது பெர்டானை. சம்பந்தி வீட்டுச் சாப்பாடுதான் எப்போதும் ருசி போலிருக்கிறது.) ஒற்றைத் துளை இருந்தாலும் அலுமினியத்தை மறுபடி நிரப்பக்கூடாது என்பதில் மாற்றம் இல்லை. எனவே அலுமினியத்தைத் தனியாகப் பொறுக்கி, ரேஞ்சில் அதற்கு வைத்திருக்கும் வாளியில் போட்டுவிடுங்கள். ஊசிக்குக் காசு கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. மதியச் சாப்பாடு என் செலவு என்று முடிந்தது.

முடித்துவிட்டுக் கிளம்பும்போது

சாப்பிடுவதற்கு முன், போனை எடுப்பதற்கு முன் கை, முகம் இரண்டையும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் உண்டு, அந்தத் தூசி கையில் படிந்திருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு தூக்க வேண்டாம், துணியைத் தனியாகத் துவையுங்கள். துப்பாக்கியை வழக்கம்போலத் துடைக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் மட்டும் ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிவிடுங்கள். மீதித் தோட்டாவை வேறு டப்பாவில் கொட்டாமல் அதன் பெட்டியிலேயே வையுங்கள். பூட்டிய இடத்தில், துப்பாக்கியிலிருந்து தள்ளி.

கடைசியாக, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். 9 எம்எம் அங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். காலி உறைதானே என்று எக்ஸ்ரே முன்னால் நிற்கும் காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, விமானம் போய்விடும். போன பொங்கலுக்குச் சென்னை கிளம்பும்போது, முதுகுப்பையின் பக்கவாட்டு வலைப்பையில் குழந்தையின் தண்ணீர் பாட்டிலைச் செருகப்போன என் மனைவி, அடியிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து நீட்டினாள். எப்போது தெறித்து விழுந்ததோ! அன்று சாயங்காலமே அந்தப் பையின் ஜிப்பில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, கராஜ் ஆணியில் மாட்டிவிட்டாள். இன்றுவரை அது ரேஞ்சைத் தவிர வேறெங்கும் போனதில்லை.